அயோடின் குடித்த ஆனி மாதம்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் நாத்தனாருக்கு, தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது, கதிரியக்க அயோடின் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். வீட்டில் எல்லாரும் கலங்கிப் போயிருக்கிறார்கள். “நீங்க குடிச்சவங்கதானே, எப்படிக்கா இருந்துச்சு?” என்று கேட்டாள். நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற சமாச்சாரமா அது? அதனால் எழுதிக் கொடுக்கிறேன். படிப்பவர்கள் பயப்பட வேண்டாம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

எனக்கு நோய் என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. கோபம் ஜாஸ்தியாகிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். மார்கழி மாதத்தில் ஆபீஸ் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். மற்ற பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்குவார்கள். யாராவது எழுந்து வேகத்தைக் கம்மி பண்ணினால் அன்றைக்கு அவளுக்கு என்னிடம் நேரம் சரியில்லை. வெளியூர் அழைப்புகளை இணைக்கிற ட்ரங்க் கால் போர்டில் வயர் முனையைச் சரியான ஓட்டையில் செருக வேண்டும். கை நடுங்கி, அரிசி மண்டிக்காரரைக் கொண்டுபோய் நகைக்கடைக்காரரோடு சேர்த்துவிட்டேன். இரண்டு பேரும் பாவம், மூட்டைக்கு என்ன விலை, பவுனுக்கு என்ன விலை என்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சாப்பாடு மட்டும் ஒரு குறையும் இல்லாமல் இறங்கியது. இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். ஆனாலும் ரவிக்கை எல்லாம் தொளதொளத்துப் போயின. கண் இரண்டும் எதையோ பார்த்து மிரண்டது போல நின்றன. என் வீட்டுக்காரர் பெரிய தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பவர். அதிகம் பேச மாட்டார். ஒரு வருடம் என் கத்தலை வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டார். ஒருநாள் காலையில், “ஏம்மா, நீ படுத்திருந்தா கட்டில் ஆடுதும்மா” என்றார். சண்டைக்கு இழுக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. என் நெஞ்சு துடிக்கிற துடிப்பில் நிஜமாகவே கட்டில் அதிர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

உள்ளூர் டாக்டர் என் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, தைராய்டுதான், வேலூருக்குப் போங்கள் என்று சொன்னார்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருப்பதே தனி வேலை. போளூர், கண்ணமங்கலம் வழியாக விடியற்காலை பஸ்ஸில் போய் இறங்கினால், நமக்கு முன்னால் எல்லா ஊர்க்காரர்களும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் வியாதியைக் கேட்டால் நம் வியாதி சின்னதாகத் தெரியும். அதுவும் ஒரு வைத்தியம்தான். என் வீட்டுக்காரர் தூக்குவாளியில் புளிச்சோறு கொண்டுவருவார். எனக்குப் பசி தாங்காது என்று தெரிந்து, பத்து மணிக்கே மூடியைத் திறந்து கொடுத்துவிட்டு, தான் சாப்பிட்டாயிற்று என்று பொய் சொல்வார்.

முதலில் மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் உடம்பெல்லாம் தடித்து அரித்தது. பிறகு தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வந்தன. ரத்தத்தைச் சோதித்து, கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்கள் குறைந்துவிட்டன, இந்த மாத்திரை உங்களுக்கு ஆகாது என்று நிறுத்திவிட்டார்கள். படபடப்பை அடக்க மட்டும் வேறு ஒன்று கொடுத்தார்கள். அதற்குள் நாடி தாளம் தப்ப ஆரம்பித்திருந்தது. நாலு துடிப்பு ஓடும், ஒன்று நிற்கும். இப்படியே விட்டால் இருதயம் களைத்துவிடும் என்றார் டாக்டரம்மா. என் வயதுதான் இருக்கும் அவருக்கு. நான் எத்தனை எரிந்து விழுந்தாலும் சிரித்துக்கொண்டே இருந்ததால் ஆரம்பத்தில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

அவர்தான் அயோடினைப் பற்றி விளக்கினார். தைராய்டு சுரப்பிக்குச் சாப்பாடே அயோடின்தான். ரத்தத்தில் எங்கே இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். உடம்பில் வேறு எந்த உறுப்பும் அப்படி இழுக்காது. அதனால் கொஞ்ச காலம் அயோடின் கிடைக்காமல் அதைப் பட்டினி போட வேண்டும். பிறகு கதிரியக்கம் ஏற்றிய அயோடினைக் குடிக்கக் கொடுத்தால், பசியில் பாய்ந்து மொத்தத்தையும் வாரிக்கொள்ளும். உள்ளே போனது இருந்த இடத்திலேயே சுரப்பியைக் கருக்கிவிடும். கத்தி இல்லை, தையல் இல்லை. கடல் மீன் கூடாது, இருமல் டானிக் கூடாது, எங்களைக் கேட்காமல் வேறு எந்த மருந்தும் கூடாது என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

கதிரியக்கம் என்றதும் எனக்குக் குண்டு போட்ட ஊர்களின் படம்தான் கண்ணில் வந்தது. இவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, “இருட்டுல இவங்க மேல வெளிச்சம் தெரியுமாங்க?” என்று கேட்டார். டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வருடத்தில் நான் சிரித்தது அநேகமாக அதுதான் முதல் தடவை.

அப்புறம் டாக்டரம்மா ஒன்று சொன்னார். குடித்த பிறகு சில வாரங்களுக்கு உங்கள் உடம்பிலிருந்து கொஞ்சம் கதிர் வெளியே வரும். பெரியவர்களுக்கு அதனால் ஒன்றும் இல்லை. கர்ப்பிணிப் பெண்களும் கைக்குழந்தைகளும் மட்டும் உங்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

எங்கள் ஒரே மகள் கலா ஓசூரில் மாப்பிள்ளையோடு இருந்தாள். மாப்பிள்ளைக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை. கலாவுக்கு அப்போது வயிற்றில் குழந்தை. வைகாசியில் வளைகாப்பு போட்டு எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். ஆனியில் பிரசவம். கலாவை நான் பெற்றபோது என் அம்மா உயிரோடு இல்லை. சுற்றி யார் யாரோ இருந்தார்கள், நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் வலியில் ‘அம்மா’ என்று கத்தும்போது, கேட்க ஆள் இல்லை என்ற நினைப்பு வலியைவிட மோசமாக இருந்தது. என் மகள் கூப்பிடும்போது நான் இருப்பேன் என்று, அவள் பிறந்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நோய் வந்த பிறகு நான் கடவுளிடம் கேட்டதும் அது ஒன்றைத்தான்.

டாக்டரம்மா காலண்டரைப் பார்த்தார். சித்திரையிலேயே முடித்துவிட்டால் வைகாசிக் கடைசியில் மகள் தாராளமாக வரலாம் என்றார். எல்லாம் கச்சிதமாக அமைந்தது. மீன் வாங்குவதை நிறுத்தினோம். பாண்டிச்சேரிப் பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் ஞாயிற்றுக்கிழமை வருகிற வஞ்சிரத்தை வாசலோடு அனுப்பினேன். இருமல் டானிக் பாட்டிலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாயிற்று.

இதற்கு நடுவில் இவர் எனக்காக ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். சித்திரைப் பௌர்ணமிக்கு இருவரும் மலையைச் சுற்றுவது என்று. டாக்டரைக் கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. வெயில் தாழ்ந்ததும் கிளம்பி, உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தோம். அடி அண்ணாமலை தாண்டியதும் ஒரு முள், சரியான வேலிகாத்தான் முள், என் உள்ளங்காலில் ஆழமாக ஏறிவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு மீதியையும் நடந்து முடித்தேன்.

மறுநாள் கால் வீங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகிற சமயத்தில் சீழ் பிடித்துவிடப் போகிறது என்று இவருக்குப் பயம். கடையில் எப்போதும் டிஞ்சர் அயோடின் பாட்டில் இருக்கும். வாடகை சைக்கிள் எடுத்துப் போய் விழுந்துவிட்டு வருகிற பிள்ளைகளின் முட்டிக்குப் போடுவதற்காக. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, காலையும் மாலையும் என் காலை மடியில் வைத்துக்கொண்டு, பஞ்சில் நனைத்து முள் போன குழிக்குள்ளேயே விட்டார். எரியும்போது ஊதிவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் காலைப் பிடித்து அவர் வைத்தியம் பார்த்தது அப்போதுதான். நானும் சுகமாக நீட்டிக்கொண்டிருந்தேன். வேலூருக்குக் கிளம்புகிற அன்று காலையிலும் ஒரு தடவை போட்டார். பாட்டிலின் மேல் அயோடின் என்று எழுதியிருந்ததை இருவருமே பார்த்தோம். வாயில் போடுவதைத்தானே வேண்டாம் என்றார்கள்?

அயோடின் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. துளியூண்டு கதிரியக்க அயோடினைக் குடிக்க வைத்து, மறுநாள் கழுத்துக்கு நேராக ஒரு கருவியை நிறுத்தி, சுரப்பி எவ்வளவு இழுத்திருக்கிறது என்று அளப்பார்கள். வலி ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். என்னை அளந்த பையன் இரண்டு தடவை அளந்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட்டான். சுரப்பி அநேகமாக ஒன்றுமே இழுத்திருக்கவில்லை. பசியோடு இருக்க வேண்டியது வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தது.

மீன் சாப்பிட்டீர்களா என்றார். இல்லை. டானிக்? இல்லை. எனக்குக் கோபம் ஏறியது. பொய் சொல்கிறேன் என்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். அந்த அறைக்குள் செருப்பு போடக் கூடாது. டாக்டரம்மாவின் பார்வை மெதுவாகக் கீழே போய் என் காலில் நின்றது. பாதம் பாதிக்கு மேல் பழுப்பாக, மருதாணி போட்டது போல இருந்தது.

“எத்தன நாளா போடுறீங்க?” என்றார்.

புண் வழியாகவும் அது ரத்தத்துக்குள் போகுமாம். ஒரு வாரமாக, வேளை தவறாமல், என் சுரப்பிக்கு இவர் கையாலேயே விருந்து போட்டிருக்கிறார். இனி அது செரித்து, மறுபடி பசி எடுக்க வாரக்கணக்கில் ஆகும். அதாவது ஆனி மாதம்.

பிரசவம் முடிந்து வருகிறேனே என்று கேட்டுப் பார்த்தேன். அவர் என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் தள்ள முடியாது, ஆனியே தாமதம்தான் என்றார். சிரிக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு இவர், “நான்தாம்மா கெடுத்துட்டேன்” என்றார். கண் கலங்கியிருந்தது. ஊரையே கத்திக்கொண்டிருந்த எனக்கு அன்று கத்த வரவில்லை. அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு கண்ணமங்கலம் வரை அழுதேன். பிரசவத்துக்கு நான் இருக்க மாட்டேன் என்பது உறுதியாகிவிட்டது.

விஷயத்தைச் சொல்ல கீழ்பென்னாத்தூருக்கு, சம்பந்தி வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளையின் அம்மா ராஜம்மாள். நெல்லும் மணிலாக் கடலையும் பயிர் வைக்கிற குடும்பம். உண்மையைச் சொன்னால் எனக்கு அவரிடம் அவ்வளவு ஒட்டுதல் கிடையாது. எங்கள் வீட்டுக்கு வந்தால் குழம்பில் புளி ஜாஸ்தி என்பார். நான் போனால் அவர் வீட்டுக் காப்பியில் பால் கம்மி என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். இனி கலா இங்கேதான் பிரசவிக்க வேண்டும் என்று நானே வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார். அப்புறம், “அது எப்படிங்க? மொத பிரசவம் தாய் வீட்டுலதானே?” என்றார்.

தாயே பக்கத்தில் இருக்கக் கூடாது என்கிறபோது தாய் வீடு ஏது என்று கேட்டேன்.

“வீடு அங்கதானே இருக்குது? ஆஸ்பத்திரியும் கிட்ட. நான் போய் உங்க வீட்டுல இருந்து பாத்துக்குறேன். நீங்க இங்க வந்து எங்க வீட்டுல இருங்க. அவளுக்குத் தாய் வீட்டுலதான் பொறந்துச்சுன்னு இருக்கட்டும்.”

யார் சம்பந்தி வீட்டில் யார் போய் இருப்பது! ஊர் என்ன சொல்லும் என்று இழுத்தேன். ஊருக்கு வேற வேலை இருக்குது என்று சொல்லிவிட்டு மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார்.

வைகாசியில் வளைகாப்பு நடந்தது. கலாவின் இரண்டு கையிலும் வளையல் அடுக்கினேன். ஒவ்வொரு சாமானும் எங்கே இருக்கிறது என்று சம்பந்தியம்மாவுக்குக் காட்டினேன். புளிப் பானையைக் காட்டியபோது இருவருமே சிரித்தோம்.

ஆனியில் வேலூருக்குப் போனேன். இந்தத் தடவை சுரப்பி நல்ல பசியில் இருந்தது. காரீயப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்ன குப்பியை எடுத்து வைத்து, குழலால் உறிஞ்சிக் குடிக்கச் சொன்னார்கள். என்னவோ ஏதோ என்று நினைத்திருந்தேன். பச்சைத் தண்ணீர்தான். ருசி இல்லை, வாசனை இல்லை. குடிக்கச் சொன்னவர் மட்டும் சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். அதைப் பார்த்தபோதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது. இரண்டு நாள் தனி அறையில் வைத்திருந்தார்கள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், கழிவறையில் வாளி வாளியாகக் கொட்ட வேண்டும், தட்டும் டம்ளரும் தனி. அவ்வளவுதான். அந்த நாத்தனாரிடம் சொல்லுங்கள், குடிக்கிற வேலை ஒரு நிமிஷம் கூட இல்லை.

திரும்பி வர இவர் வாடகைக் கார் பேசியிருந்தார். நான் பின் சீட்டில் தனியாக, இவர் டிரைவர் பக்கத்தில். கீழ்பென்னாத்தூர் போக எங்கள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்கள் தெருமுனையில் காரை நிறுத்தச் சொன்னேன். வாசலில் கலா நின்றிருந்தாள். வயிறு இறங்கியிருந்தது. பக்கத்தில் சம்பந்தியம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கலா இரண்டடி முன்னால் வந்தாள். நான் கார் கண்ணாடி வழியாக வேண்டாம் என்று கையைக் காட்டினேன். பெற்ற மகளைக் கிட்டே வராதே என்று சொல்கிற கை என்ன கை என்று தோன்றியது. கார் கிளம்பிவிட்டது.

சம்பந்தியம்மாவின் வீட்டுக்காரர் கூச்ச சுபாவம். என்னை நேருக்கு நேர் பார்த்துப் பேசியதே கிடையாது. நான் வந்ததும் வீடு முழுவதையும் எனக்கு விட்டுவிட்டு, கட்டிலைத் தூக்கிக்கொண்டு வயலில் மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் இரவுக்கு வந்து நடையில் படுத்துக்கொள்வார். கொஞ்ச நாளைக்கு மற்றவர்களுக்கு நான் சமைக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை, எனக்குக்கூடச் சமைத்துக்கொள்ளக் கூடாது என்று சம்பந்தி எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. மறுநாள் காலையில் வாசல்படியில் ஒரு தூக்கு இருந்தது. குழைந்த சோறு, உப்பில்லாத கீரை. அந்த மனுஷர் அறுபது வயது வரை அடுப்புப் பக்கம் போகாதவர். வேண்டாம் என்று சொல்லியும் தினமும் வைத்தார். நாலைந்து நாளில் உப்பு வந்தது. அப்புறம் ஒருநாள் வத்தக்குழம்பே வைத்திருந்தார். நன்றாக இருந்தது என்று இவர் மூலமாகச் சொல்லி அனுப்பினேன். மனுஷர் அன்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்த நடையே வேறு.

ஆனி முடிகிற சமயம், ஒரு மத்தியானம், எதிர் ரைஸ் மில்லுக்கு எனக்கு போன் வந்திருக்கிறது என்று ஆள் ஓடி வந்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து என்னோடு வேலை செய்கிறவள்தான். பெண் குழந்தை, இருவரும் நலம் என்றாள். எனக்குச் சந்தோஷம். ஆனால் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எப்போது வலி எடுத்தது, எவ்வளவு நேரம் துடித்தாள், எதுவும் எனக்குத் தெரியாது. அவள் கூப்பிட்டிருப்பாள். நான் அந்த நேரத்தில் யாரோ வைத்த கீரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆடி பிறந்து, வேலூரில் சோதித்து, இனி குழந்தையைத் தூக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்றே வீட்டுக்குப் போனேன். கலா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப மனசில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். சம்பந்தியம்மா என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டார். ஊருக்குக் கிளம்பப் பையைக் கட்டி வைத்திருந்தார். மணையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வலியில அம்மா அம்மான்னு கத்துனா. அம்மா வந்துடுவாங்க கண்ணுன்னு சொல்லிப் பாத்தேன். அடங்கல. ரொம்ப நேரம் கூப்புட்டுக்குனே இருந்தா. எனக்கு மனசு தாங்கலீங்க. இன்னாம்மா, இங்கதான் இருக்கேன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம்தான் அடங்குனா. உங்களுக்குப் பதிலா நான் குரல் குடுத்துட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க.”

சுருக்கென்றது. இல்லை என்று சொன்னால் பொய். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இத்தனை வருடம் காத்திருந்தேன். அதை வேறொருத்தி சொல்லிவிட்டாள். அப்போதுதான் அவர் முழங்கைக்குக் கீழே பார்த்தேன். நகம் பதிந்த காயங்கள், வரிசையாக, காய்ந்து கறுத்திருந்தன. கலா பிடித்த பிடி. என் கையில் இருந்திருக்க வேண்டிய தழும்பு அது. அந்தக் கையை எடுத்து என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவரும் அழுதார்.

உள்ளே குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. பழக்கத்தில் அவர் சட்டென்று எழுந்தார். நானும் எழுந்தேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு மறுபடி மணையில் உட்கார்ந்துகொண்டார்.

“போங்க, இந்த தடவ நீங்க ‘இன்னாம்மா’ன்னு கேளுங்க” என்றார்.